பின்னல் வேலையும் கைகளின் நலனும்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் பயின்ற காலத்தில் ஊசிப் பின்னலும் எங்களுக்கு ஒரு கைவேலைப் பாடம். கண்ணிகளை எண்ணவும் வரிசை மாறாமல் பின்னவும் கற்பித்தனர். எவ்வாறு அமர வேண்டும் என்பதை எவரும் கற்பிக்கவில்லை. அக்குறையின் விளைவை 60 வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன். பேரனுக்குப் பருத்தி நூலில் சட்டை பின்னிக்கொண்டிருந்த நாட்களில், வலக்கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போய் நள்ளிரவில் விழித்துக்கொள்வேன். கையை உதறினால் சரியாகிவிடும். ஆதலால் பல மாதங்கள் பொருட்படுத்தவில்லை. பிறகு பொத்தான் மாட்டவும் விரல்கள் இணங்கவில்லை.

மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. மணிக்கட்டை வளைத்தபடியே நெடுநேரம் வைத்திருந்தாலும், ஊசியை இறுகப் பற்றினாலும் அங்கு அழுத்தம் மிகுந்து நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்குரிய நரம்பு முழங்கையின் பின்புறமாக வருவது; ஆகையால் அவ்விரல் இந்நோயில் தப்பிவிடும். நாட்பட விட்டால் பெருவிரலின் அடித்தசை மெலியும். மெலிந்த தசை முழுமையாக மீள்வது அரிது.

நூலையும் இங்கு கருத வேண்டும். கம்பளி நூல் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். நம் ஊர் வெப்பத்திற்கு நாம் விரும்பும் பருத்தி நூலோ நெகிழாது. கண்ணிகளை இறுக்கிப் பின்னினால் ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்கள் போராட நேரும். எனவே சற்றுப் பருத்த ஊசியைக் கொண்டு தளர்வாகப் பின்னுக. நீண்ட நேர் ஊசிகளில் பின்னிய துணியின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் தொங்கும். இரு முனைகளை மெல்லிய கயிறு இணைக்கும் வட்ட ஊசியில் அப்பாரம் மடியில் தங்கிவிடுகிறது. வட்டமாகப் பின்னுவதற்கே அது உரியது எனப் பலர் எண்ணுகின்றனர், நேராகவும் பின்னலாம்.

முதுகு சாயும் நாற்காலியில் பாதங்கள் தரையில் படிய அமர்க. தரையில் அமர்வோர் சுவரில் சாய்ந்து மடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். முழங்கைகள் உடலை ஒட்டியிருக்கட்டும். வேலையைக் கண்ணருகே உயர்த்துக, தலையைக் குனியலாகாது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. குனியுந்தோறும் கழுத்துத் தசைகள் அதைத் தாங்கியாக வேண்டும். மாலையில் கருநிற நூலைப் பின்னுவோர் தம்மை அறியாமலே குனிவர். விளக்கு இடத்தோளின் பின்னிருந்து ஒளி தரட்டும்.

அரை மணிக்கு ஒருமுறையேனும் எழுக. "இன்னும் ஒரு வரிசைதானே" என்னும் ஆசைதான் நம் பகை! நான் கடிகாரத்தில் மணி வைத்து அதை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். நிறுத்துவதற்காகவேனும் எழுந்து செல்ல வேண்டுமல்லவா?

இரவில் விரல்கள் மரத்தால் தைலம் தடவிக் காலம் கடத்த வேண்டா. நீரிழிவும் தைராய்டுக் குறைவும் இதற்குக் காரணமாகலாம். மருத்துவரே ஆய்ந்து கூற வல்லார். எனக்கு உறங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றைத் தந்தனர். பின்னலை 3 மாதம் நிறுத்தினேன். சட்டை முடிவதற்குள் பேரன் வளர்ந்துவிட்டான். அதை இப்போது அவன் தம்பி அணிகிறான்.