அறிவியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, பிளஸ் டூ முடித்து அறிவியல்தான் படிப்பேன், அதுவும் நல்ல இடத்தில்தான் படிப்பேன் என்கிறாய். பள்ளியில் இயற்பியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். இடம் கிடைத்துப் போன பிள்ளைகளையும் பார்த்தேன், கிடைக்காமல் நின்ற பிள்ளைகளையும் பார்த்தேன். அவர்களிடம் கற்றதைச் சொல்கிறேன். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று தன்னிடமே பொய் சொல்லாமல் இருப்பதுதான் இதில் பாதிப் படிப்பு.

1. முதலில் உன் ஆசையை விசாரி. உனக்கு வேண்டியது அறிவியலா, கல்லூரியின் பெயரா? கெட்டிக்காரப் பிள்ளை என்றால் நீட், இல்லாவிட்டால் ஜேஇஇ என்பதோடு நம் ஊர்க்காரர்கள் நின்றுவிடுகிறார்கள். அறிவியல் படிக்கவென்றே நாட்டில் ஏழு ஐசர்கள் (IISER) இருக்கின்றன. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம்தான். புவனேஸ்வரத்தில் நைசர், பெங்களூரில் ஐஐஎஸ்சி. கணக்குதான் உயிர் என்றால் சிறுசேரியில் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட். அங்கே நுழைவுத்தேர்வில் விடை மட்டும் போதாது, நிறுவியும் காட்ட வேண்டும். என்னிடம் படித்த ஒருவன் ஊரே மெச்சிய வேறொரு படிப்பில் சேர்ந்தான். விடுமுறைக்கு வந்தால் நேரே எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருவான். அவன் கால்களுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

2. கண்டதை எழுது. ஸ்பெக்ட்ரோமீட்டர் பிராக்டிகலில், கண்ணை வைத்துப் பார்க்கும் முன்பே முப்பட்டகத்தின் கோணம் 60 டிகிரி என்று எழுதிவிட்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து நிரப்புகிறவர்கள் உண்டு. ஒரு பெண் 59 டிகிரி 20 நிமிடம் என்று எழுதிக்கொண்டு முகம் வாடி வந்து நின்றாள். வகுப்பு சிரித்தது. மறுநாள் அதே பட்டகத்தை நான் அளந்தேன்: 59 டிகிரி 21 நிமிடம். பட்டகமே அப்படித்தான்; மற்ற ரெக்கார்டு நோட்டுகள்தான் ஒன்றைப் பார்த்து ஒன்று 60 என்று எழுதியிருந்தன. தப்பாக வந்த எண்ணை அழிக்காதே. ஒரே கோடாக அடி. அடியில் இருப்பது தெரியட்டும்.

3. எந்தப் பாடத்தையும் இளக்காரமாகப் பார்க்காதே. கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவன் உயிரியலை மறந்துவிடுகிறான்; உயிரியல் குரூப்பில் கணக்கை விட்டவள் அதோடு தலைமுழுகிவிடுகிறாள். ஐசர் நுழைவுத்தேர்வில் மொத்தம் 60 கேள்வி. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. அறிவியலும் அப்படித்தான் கேட்கும். ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல்காரர். நம் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு சொன்னவர் அவர்தான்.

4. ஊகித்ததை அறிவோடு சேர்க்காதே. சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு, நான்கு தெரிவுகள் என்றால், கணக்குப்படி குருட்டாம்போக்கில் அடித்தாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்தான். தேர்வறையில் அந்தக் கணக்கை நீயே போட்டு முடிவெடு. ஆனால் வீட்டில் பயிற்சித் தேர்வு எழுதும்போது, ஊகித்த விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வை. விடை சரியாகவே வந்தாலும் அதைத் தெரியாத கணக்கில் சேர்த்து, போய்ப் படி. மதிப்பெண் ஏற ஏறப் புள்ளியும் ஏறினால், ஏறுவது உன் அறிவில்லை.

5. சான்றிதழ் சேர்க்காதே, நோட்டு சேர். சில தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டுரை எழுதச் சொல்லும், நேர்காணலும் வைக்கும். அதற்கென்றே காசுக்கு ‘புராஜெக்ட்’ செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், கிட்டப் போகாதே. ஒரு பையன் மொட்டைமாடியில் குச்சி நட்டு நண்பகல் நிழலை அளந்துவந்தான். நம் ஊர்களில் ஏப்ரலில் ஒரு நாள், ஆகஸ்டு வாக்கில் ஒரு நாள் அந்த நிழல் காணாமல் போகும். அளவு அந்த நாளோடு ஒட்டாமல் போகவே, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிப் பார்த்தான், குச்சி சாய்ந்திருந்தது. அதுவரை எடுத்த அளவையெல்லாம் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினான். நேர்காணலில் அந்தச் சாய்ந்த குச்சியைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார்களாம்.

6. உன் காகிதங்களை நீயே பார். நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்தியப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று, அந்த நிதியாண்டில் வாங்கிய ஓபிசி சான்றிதழ் கேட்பார்கள். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடி, இடம் கைக்கு வந்தும் தவறவிட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். அப்பா பார்த்துக்கொள்வார் என்று இருக்காதே. கடைசித் தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டு.

7. வீட்டாரோடு சண்டை போடாதே. “பியூர் சயின்ஸ் படித்தால் சோறு போடுமா?” என்று உன் அப்பா கேட்டால், அது அறியாமை இல்லை, பயம். கட்டணம், விடுதிச் செலவு, உதவித்தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் பக்கத்தில் உட்கார். சி.வி. ராமனும் 1907ல் நிதித்துறை வேலையில்தான் சேர்ந்தார். கல்கத்தாவில் இருந்த காலமெல்லாம் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வகத்துக்குப் போய்வந்தார். 1917ல்தான் வேலையை விட்டுப் பேராசிரியரானார். சோற்றையும் அறிவியலையும் எதிரெதிரே நிறுத்தாதே.

8. கிடைக்காவிட்டால் குனியாதே. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு ஐஐடியிலும் இடம் கிடைக்கவில்லை, வேலூர் சிஎம்சியிலும் கிடைக்கவில்லை. பரோடாவில் பி.எஸ்சி இயற்பியல் படித்தார். அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் கற்றார். 2009ல் நோபல் வந்தது. உனக்கும் நோபல் வரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார அவருக்குக் கூச்சமில்லை, அதற்காகச் சொல்கிறேன். பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் முதல் பெஞ்சு உண்டு.

முடிவு வந்த அன்று எனக்கு ஃபோன் பண்ணு, எப்படி வந்தாலும் சரி. எத்தனை மார்க் என்று கேட்க மாட்டேன். இப்போது எது புரியாமல் இருக்கிறது என்றுதான் கேட்பேன், பதிலோடு இரு.