ஊர் கூடிக் கட்டிய வலை

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஊருக்குப் பொதுவான ஒன்றை உருவாக்குவது அரிது. உருவாக்கியதைத் தலைமுறை கடந்து காப்பது அதனினும் அரிது. ஊதியமும் விளம்பரமும் கருதாமல் உழைப்போரே அவ்வரிய செயலைச் செய்து காட்டுகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரம் போன்ற வேளாண் பகுதிகளில், மாலைப்பொழுதில் கூடும் கைப்பந்துக் கழகங்கள் அத்தகைய கூட்டு உழைப்பின் விளைவுகளாகும். அவை எவ்வாறு தோன்றுகின்றன, எதனால் நிலைக்கின்றன, எதனால் தளர்கின்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

நான்கு சென்ட் நிலம்

கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு 162 சதுர மீட்டர். நம் ஊர்க்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ நான்கு சென்ட். சுற்றிலும் மூன்று மீட்டர் இடம் விட்டாலும் ஒன்பது சென்ட் நிலம் போதும். முழு அளவிலான கால்பந்துக் களத்திற்கோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். நெல் விளையும் மண்ணில் ஒன்றே முக்கால் ஏக்கரை விளையாட்டுக்கென ஒதுக்கும் வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. நான்கு சென்ட் இடமோ ஏரிக்கரை ஓரத்திலும், பள்ளியின் பின்புறத்திலும், களத்துமேட்டின் அருகிலும் கிடைத்துவிடுகிறது. இரு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து ஆகியவற்றைக் கொண்டு பன்னிருவர் ஆடலாம். ஊரே நின்று காணலாம். சிற்றூர்களில் இவ்விளையாட்டு வேரூன்றியதற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

கடல் கடந்து வந்த ஆட்டம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் உடற்கல்வி இயக்குநராக இருந்தவர் வில்லியம் ஜி. மார்கன். கூடைப்பந்து ஆட்டத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாத நடுத்தர வயதினர்க்காக, 1895ஆம் ஆண்டு அவர் ஒரு புதிய விளையாட்டை வகுத்தார். அதற்கு முதலில் ‘மிண்டோனெட்’ என்று பெயரிட்டார். பந்து தரையில் விழாமல் வலையின் இருபுறமும் மாறிமாறிப் பறப்பதைக் கண்ட ஆல்பிரட் ஹால்ஸ்டெட் என்பவரின் கருத்துப்படி, அடுத்த ஆண்டே அதன் பெயர் ‘வாலிபால்’ என்றாயிற்று.

தமிழ் மண்ணில் இது பரவியதற்கும் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பே பெருந்துணை புரிந்தது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்விப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் வளர்ச்சியே. அங்குப் பயின்ற ஆசிரியர்கள் பள்ளிதோறும் சென்று பல விளையாட்டுகளைக் கற்பித்தனர். பள்ளியில் கற்ற மாணவர்கள் அவற்றைத் தம் ஊர்களுக்கு எடுத்துச் சென்றனர். நகரத்துப் பயிற்சிக்கூடத்திலிருந்து சிற்றூரின் ஏரிக்கரை வரை இவ்விளையாட்டு நடந்து வந்த வழி இதுவேயாகும்.

இந்தியக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1951ஆம் ஆண்டு தோன்றியது. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆடவர் அணி வெள்ளிப்பதக்கம் பெற்றது. 1986ஆம் ஆண்டு சியோலில் வெண்கலப்பதக்கம் வென்றது. தமிழகத்தின் அ. பழனிசாமி 1961ஆம் ஆண்டிலும், ஜி.இ. ஸ்ரீதரன் 1982ஆம் ஆண்டிலும் அர்ஜுனா விருது பெற்றனர். ஸ்ரீதரன் பின்னாளில் பயிற்சியாளர்க்குரிய துரோணாச்சாரியார் விருதையும் பெற்றார்.

கழகம் உருவாகும் விதம்

சிற்றூர்க் கைப்பந்துக் கழகம் எதுவும் பெயர்ப்பலகையோடு பிறப்பதில்லை. பள்ளியில் ஆடிப் பழகிய நால்வர், படிப்பு முடிந்தபின்னும் ஆட்டத்தை விட மனமின்றி ஓரிடத்தில் கூடுவர். சவுக்குக் கம்பங்கள் இரண்டை நடுவர். பழைய வலையொன்றை முடிச்சிட்டுக் கட்டுவர். பந்து வாங்கும் செலவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்வர். வேடிக்கை பார்த்த சிறுவர்கள் முதலில் பந்து பொறுக்குவர். பின்னர் ஆள் குறையும் நாளில் களம் இறங்குவர். ஓராண்டில் இரண்டாம் அணி உருவாகிவிடும்.

அடுத்த நிலை பொங்கல் விழாவையொட்டி வரும். பக்கத்து ஊர் அணிகளை அழைத்துப் போட்டி நடத்த வேண்டுமெனில் நன்கொடை திரட்ட வேண்டும்; நடுவர்களை அழைக்க வேண்டும்; வருவோர்க்கு உணவும் குடிநீரும் அளிக்க வேண்டும்; இரவு ஆட்டத்திற்கு விளக்கு அமைக்க வேண்டும். அப்போதுதான் தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் பொறுப்புகளும் வரவுசெலவுக் குறிப்பேடும் தேவைப்படுகின்றன. ஆடுவதற்காகக் கூடிய நண்பர்குழு, பொறுப்புடைய கழகமாக மாறும் தருணம் அதுவே.

பெயர் வெளிவராத பணிகள்

பார்வையாளர் கண்ணில் படுவது வலைக்கு மேல் எழுந்து பந்தை அறைபவரின் ஆற்றலே. அவ்வடிக்கு முன் இருவரின் கைகள் உழைத்திருக்கின்றன. எதிரணி அனுப்பிய பந்தைத் தாழ்ந்து எடுத்தவர் ஒருவர். அதனை உரிய உயரத்தில் உயர்த்திக் கொடுத்த ‘செட்டர்’ மற்றொருவர். ஓர் அணி தடுப்பாட்டம் நீங்கலாக மூன்று முறை மட்டுமே பந்தைத் தொடலாம். ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடக்கூடாது. எனவே எத்துணைத் திறமையாளராயினும் தனித்து ஆட விதி இடந்தருவதில்லை.

கழகத்தின் வாழ்வும் அத்தகையதே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் களத்தைச் சீராக்குவது எளிய பணியன்று. புல்லைச் செதுக்கி, கல் பொறுக்கி, மேடு பள்ளம் நிரவி, மண் கொட்டி, நீர் தெளித்து, உருளையால் அழுத்த வேண்டும். நாள்தோறும் ஒருவர் முன்னதாக வந்து களத்தைப் பெருக்கிச் சுண்ணாம்புத்தூளால் கோடு இட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வலையை அவிழ்த்து, மழையும் எலியும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். சிறுவர்க்குப் பந்தைக் கையாளும் முறையைப் பொறுமையுடன் கற்பிக்க வேண்டும். கால் பிசகிய வீரரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இவற்றைச் செய்வோரின் பெயர் வெற்றிக்கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் அவர்கள் ஒருவாரம் வாராதிருந்தால் களத்தில் புல் முளைக்கத் தொடங்கிவிடும்.

தெரியுமா?

ஆடவர் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர்; மகளிர் ஆட்டத்தில் 2.24 மீட்டர். பந்தின் எடை 260 முதல் 280 கிராம் வரை இருக்க வேண்டும். முதல் நான்கு சுற்றுகளும் 25 புள்ளிகளும், ஐந்தாம் சுற்று 15 புள்ளிகளும் கொண்டவை. எச்சுற்றிலும் இரு புள்ளி வேறுபாட்டில் முந்தினால்தான் வெற்றி.

கல்வெட்டு கற்பிக்கும் பாடம்

பொதுப்பணியை எவ்வாறு பகிர்வது என்னும் வினா உத்திரமேரூருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், இன்று வைகுந்தப்பெருமாள் கோயில் எனப்படும் மண்டபத்தின் சுவர்களில் உள்ளன. அவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். சிறுவன் ஒருவன் எடுத்துத் தந்த ஓலையை, ஐந்து விரல்களும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று அனைவரும் அறியப் படித்தனர். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்னும் ஐயத்திற்கும் இடங்கொடாத எச்சரிக்கை அது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் பன்னிருவர் ஆண்டு வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் பணிபுரிந்தனர். பதவிக்காலம் 360 நாள்.

இரண்டு விதிகள் நம் சிந்தனைக்குரியவை. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பில் இருந்தவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட இயலாது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் ஆவர். முதல் விதி பொறுப்பைச் சுழற்சியில் வைத்தது. இரண்டாவது விதி நம்பிக்கையைக் காத்தது.

இச்சுழற்சி கைப்பந்தாட்டத்திலும் உண்டு. எதிரணியிடமிருந்து ‘சர்வீஸ்’ வாய்ப்பைப் பெறும் அணியினர் ஒவ்வொருவரும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓரிடம் நகர வேண்டும். முன்வரிசையில் நின்றவர் பின்வரிசைக்கு வருவார். பின்வரிசையில் நின்றவர் முன்னேறுவார். களத்தில் இவ்விதியைத் தவறாது பின்பற்றும் கழகங்கள், நிருவாகத்தில் அதனை மறந்துவிடும்போதுதான் தளர்ச்சி தொடங்குகிறது. தொடங்கியவரே இருபதாண்டு செயலாளராக இருந்தால், அவர் ஓயும் நாளில் கழகமும் ஓய்ந்துவிடும். நன்கொடைக் கணக்கு ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அவர் நேர்மையாளராயினும் ஊரில் ஐயம் முளைக்கும். போட்டி முடிந்த வாரத்திலேயே வரவுசெலவைப் பொதுவிடத்தில் எழுதி ஒட்டும் கழகத்திற்கு, அடுத்த ஆண்டு நன்கொடை கேட்பதில் கூச்சம் இராது.

அப்பழைய சபையின் எல்லையையும் நாம் அறிய வேண்டும். நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. 919இல் வகுத்த விதிகளை ஈராண்டுக்குள் அச்சபையினரே திருத்தினர். முன்னோர் வகுத்ததைப் போற்றுவதோடு, காலத்திற்கேற்ப விரிவாக்குவதும் மரபே என்பதை அச்சுவர்கள் உணர்த்துகின்றன.

இரண்டாவது கொக்கி

ஒரு கழகம் எவ்வளவு விரிந்த மனமுடையது என்பதை அறிய அதன் வலைக்கம்பத்தைப் பார்த்தால் போதும். 2.43 மீட்டர் உயரத்தில் மட்டும் கொக்கி இருந்தால், அது ஆடவர்க்கான களம். அதற்கு 19 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கொக்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தால், அங்குப் பெண்களும் ஆடுகின்றனர் என்பது பொருள். அக்கொக்கியின் விலை சிறிது. அதனைப் பொருத்த முடிவெடுக்கும் மனம் பெரிது. பெண்கள் பயிற்சிக்கு வர வேண்டுமெனில் நேரம் மாற வேண்டும். வழியில் விளக்கு எரிய வேண்டும். உடன்வர ஒருவர் வேண்டும். பெற்றோரிடம் எடுத்துரைக்கும் ஆசிரியரும் வேண்டும். இவையனைத்தும் தன்னார்வலரின் பணிகளே.

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது. மகளிர் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானிய அணியினருள் பெரும்பாலோர் நூற்பாலை ஒன்றின் பணியாளர்கள். பகலில் ஆலையில் உழைத்து, வேலை முடிந்தபின் பயிற்சி செய்தவர்கள் அவர்கள். தறியும் நூலும் வாழ்வாகக் கொண்ட காஞ்சி மண்ணின் மகளிர்க்கு இவ்வரலாறு அயலானதன்று.

பெண்களைப் போலவே, எந்தத் தெருவைச் சேர்ந்தவரும் தயக்கமின்றி வந்து நிற்கும் இடமாகக் களம் அமைய வேண்டும். பந்தை உயர்த்திக் கொடுப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தபின் அடிக்க எவராலும் இயலாது. வலைக்கு இருபுறம் மட்டுமே பிரிவு. ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கலில் அதுவும் மறைந்துவிடும்.

நாளைய களம்

இன்று ஊர்க்கழகங்கள் புதிய சூழலை எதிர்கொள்கின்றன. ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகிய தொழிற்பகுதிகளுக்குப் பணிக்குச் செல்லும் இளைஞர்கள் முறைமாற்றுப் பணியில் இருப்பதால், மாலையில் அறுவர் ஒன்றுசேர்வதே அரிதாகிறது. பொதுநிலம் குறைகிறது. கைப்பேசி பலரைத் திண்ணையிலேயே இருத்திவிடுகிறது.

வாய்ப்புகளும் பெருகியுள்ளன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பயிற்சி அளிக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கைப்பந்தும் இடம்பெறுகிறது. தகுதியுள்ள விளையாட்டு வீரர்க்கு அரசுப்பணியில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. இவ்வாய்ப்புகள் சிற்றூர்ச் சிறுவரைச் சென்றடைய, அவற்றை அறிந்து சொல்லவும், விண்ணப்பம் நிரப்பித் தரவும், போட்டி நடக்கும் ஊருக்கு அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டும். ஊர்க்கழகம் செய்யத்தக்க பெரும்பணி அது.

எல்லாரும் மாநில வீரராகிவிட இயலாது. ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை. தோற்றபின் எதிரணியை வாழ்த்தவும், தன் தவற்றால் பந்து விழுந்தபோது தோழரின் கையைத் தட்டி மீண்டும் நிற்கவும், பொறுப்பை ஏற்கவும், உரிய காலத்தில் அதனைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்கவும் கற்றவர் ஊருக்குப் பயன்படும் குடிமக்கள் ஆவர். மாணவர்களே! உங்கள் ஊரில் களம் இருந்தால் மாலையில் அங்குச் செல்லுங்கள். ஆட வராதோரும் கோடு இடலாம், புள்ளி எழுதலாம், சிறுவர்க்குப் பந்து எடுத்துக் கொடுக்கலாம். களம் இல்லையெனில், நான்கு சென்ட் பொதுவிடம் எங்குளது என்று தேடுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள விளையாட்டுக் கழகம் அல்லது பொதுநல அமைப்பு ஒன்றின் மூத்த தன்னார்வலரைச் சந்தித்து, அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி ஒருபக்க அளவில் எழுதுக.

2. குடவோலை விதிகளுள் இன்றைய மன்றங்களுக்கு ஏற்றவை, மாற்றத்தக்கவை எவை? வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்றிற்குரிய வரவுசெலவுக் குறிப்பை உருவாக்கி, அறிவிப்புப் பலகையில் வெளியிடும் வகையில் அமைக்க.

4. ‘களத்தில் பந்து உயர்த்துபவர்’ என்னும் தலைப்பில், புகழ் நாடாது உழைப்போரைப் பாராட்டி மூன்று நிமிடம் உரையாற்றுக.