திருநாட்களும் சுவிசேஷமும்

கேள்வி: சுவிசேஷமே போதும் என்னும் லூத்தரன் சபையார் திருநாட்களை அனுசரிப்பது முரண் அல்லவா?

பதில்: அல்ல. ஜெர்மனியில் அவர்கள் 1530-ல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் முன் வாசித்த அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 15-ம் பிரிவைப் பாருங்கள். சமாதானத்துக்கும் நல்லொழுங்குக்கும் உதவும் திருநாட்களைப் பாவமின்றி அனுசரிக்கலாம். ஆனால் அவை இரட்சணியத்துக்கு அவசியமென்று எவர் மனச்சாட்சியின்மேலும் சுமத்தலாகாது என்பதே அதன் கருத்து. லூத்தர் 1523-ல் வகுத்த வழிபாட்டு முறையில், தேவமாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளையும் கிறிஸ்துநாதர் திருநாளாக எண்ணி வைத்துக்கொண்டார்.

மற்றச் சீர்திருத்தக்காரர் சிலர் அப்படிச் செய்யவில்லை. ஜெனீவா நகரம் 1550-ல் ஞாயிறு தவிர மற்றத் திருநாட்களை நீக்கிற்று. இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1647-ல் கிறிஸ்து பிறப்பு, பாஸ்குத் திருநாட்களை விலக்கிற்று. வேதத்தில் கட்டளையில்லை என்பது அவர்கள் நியாயம். தடையும் அங்கே இல்லையே! நாட்களைப்பற்றி ஒருவரையொருவர் தீர்ப்பிடலாகாது என்றல்லவா அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 14-ம் அதிகாரத்தில் போதிக்கிறார்?

நமக்கோ கடன் திருநாட்களைப்பற்றித் திருச்சபையின் கட்டளை உண்டு. ஆகையால் லூத்தரன் சகோதரரைக் குறைகூறுமுன், நாம் அன்று பூசை காண்பது கட்டளைக்குப் பயந்து மாத்திரமா, சேசுநாதர்மேல் வைத்த அன்பினாலா என்று நம்மையே சோதித்துப் பார்ப்போமாக.