ரிம்மைப் பெரிதாக்காதீர்கள், ரப்பருக்குச் செலவிடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் இன்று ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி., ஐ20 என் லைன் போன்ற வேகமான கார்களை வைத்திருக்கிறார்கள். முதல் செட் டயர் தேய்ந்ததும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், 17 இன்ச் போட்டுடலாமா?"

வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

காரணம், நாம் ஓட்டும் சாலை. ஜூஜுவாடியிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி டோல்கேட் வரை தேசிய நெடுஞ்சாலை 44-இல் வேகமாகப் போகலாம். சர்வீஸ் ரோட்டில் இறங்கினால் கனரக லாரிகள் பறித்த குழிகள். சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கம், அதிலும் மழை. இந்த மூன்றுக்கும் ஒரே டயர்தான் ஈடுகொடுக்க வேண்டும்.

அளவுக் கணக்கு

விர்டஸ் ஜி.டி.யின் அளவு 205/55 ஆர்16. டயரின் அகலம் 205 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மி.மீ.; ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் 632 மி.மீ.

பலரும் விரும்பும் 225/45 ஆர்17-இன் விட்டம் 634 மி.மீ. ஸ்பீடோமீட்டர் கணக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் பக்கச்சுவர் 101 மி.மீ. ஆகிவிடுகிறது. குழிக்கும் ரிம்முக்கும் நடுவே மெத்தையாக இருந்ததில் 12 மி.மீ. போய்விட்டது.

சென்ற மழைக்காலத்தில் அப்படி மாற்றிய ஒரு காரைப் பார்த்தேன். டயரில் வெட்டு இல்லை, கீறல் இல்லை. பக்கச்சுவரை உள்ளங்கையால் தடவினால் ஓரிடத்தில் பாதி எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்திருக்கின்றன. இதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. எந்த நேரமும் வெடிக்கலாம். டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரிம்மை மாற்றாமல் 215/55 ஆர்16 போட்டால் விட்டம் 643 மி.மீ. மீட்டர் 100 காட்டும்போது உண்மையான வேகம் ஏறக்குறைய 102 ஆகிவிடும். அகலம் கூடினால் தேங்கிய நீரில் டயர் மிதப்பதும் எளிதாகிறது. கம்பெனி குறித்த அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் குறுக்கே வரும். இன்சூரன்ஸ் க்ளெய்மில் கேள்வி எழலாம். ஆகவே கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவையே வாங்குங்கள்.

எந்த வகை?

தினமும் அத்திப்பள்ளி வழியாக பெங்களூரு போய்வருபவருக்கு மிச்செலின் ப்ரைமசி 4 எஸ்.டி. போன்ற டூரிங் வகை போதும். சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். வளைவுகளில் பிடிப்பு வேண்டும், சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை என்பவர் அதே கம்பெனியின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற பெர்ஃபார்மன்ஸ் வகையைப் பார்க்கலாம். எதுவானாலும் ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும் திறனை முதலில் பாருங்கள்.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 91வி என்பதில் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும். எச் என்றால் 210 கி.மீ. கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் சில அளவுகள் எளிதில் கிடைப்பதில்லை. "இதுதான் சார் ஸ்டாக் இருக்கு" என்று கடைக்காரர் வேறு அளவை நீட்டினால், ஒரு வாரம் காத்திருங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஓராண்டுக்கு மேல் பழையதென்றால் வேறு கேளுங்கள். பேலன்சிங், அலைன்மெண்ட் இரண்டையும் அங்கேயே செய்துவிடுங்கள்.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதியவற்றைப் பின்சக்கரங்களில் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டு ஓரளவு சமாளிக்கலாம். மழையில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள். ஓசூர் குளிரில் கிளம்பிக் கிருஷ்ணகிரி வெயிலில் அளந்தால் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அது சூட்டினால் ஏறியது; அதைக் குறைக்காதீர்கள்.

பட்டன், அதாவது டயர்ப் பள்ளங்களின் ஆழம், 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே அந்த டயரை ஓட்டக் கூடாது. ஆனால் மழையில் தொப்பூர் இறங்குபவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள். அடுத்த மழைக்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமையே நான்கு டயரையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.