வீட்டு மொழியோடு வரும் குழந்தை

ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால் ஆசனூரும் தாளவாடியும் வரும். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் பேசப்படுவது கன்னடம்தான். சோளகர் குடியிருப்புகளில் கன்னடத்துக்கு நெருக்கமான, ஆனால் தனித்த பேச்சுமொழி வழங்குகிறது. இப்பகுதியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்திலுள்ள மழலையர் வகுப்பில் நான் பணியாற்றுகிறேன். வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தேன். பள்ளியில் தமிழில் படித்தேன். இந்த இரண்டும் என் பணிக்கு எப்படிப் பயன்படுகின்றன என்பதை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிவந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அதனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நம் பள்ளி வாசலுக்கு வந்தார்கள். தாளவாடியில் மட்டுமல்ல, ஓசூர், தளிப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும், நீலகிரியில் படுக மொழியும், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் வீடுகளிலிருந்து குழந்தைகள் வருகிறார்கள். தமிழ்வழிப் பள்ளியின் முதல் நாள் அவர்களுக்குப் புது மொழியின் முதல் நாளும்கூட.

பேசாத குழந்தைக்குப் பேச்சு இல்லை என்று பொருளா?

புது மொழிச் சூழலுக்கு வரும் சிறு குழந்தைகள் பலர் முதலில் சில வாரங்களோ சில மாதங்களோ பேசாமல் இருப்பார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் கேட்கிறார்கள், முகங்களைப் பார்க்கிறார்கள், மற்ற குழந்தைகள் எழுந்தால் எழுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மந்தமாகத் தெரியலாம்.

என் வகுப்பில் ஒரு சிறுமி நான்கு மாதங்கள் வாய் திறக்கவில்லை. நான் கன்னடத்தில் கேட்டாலும் தலையை மட்டும் அசைப்பாள். பள்ளியில் சிலர், "இவளை மாற்றுத்திறன் குழந்தைகள் பட்டியலில் சேர்த்துவிடலாமே" என்றார்கள். ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயரோடு அந்தப் பார்வையும் அடுத்த வகுப்புவரை குழந்தையைத் தொடர்ந்துவிடும். எனவே வீட்டுக்குப் போய் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அவள் வீடு மஞ்சள் காட்டின் ஓரத்தில் இருந்தது. அம்மா வேலையிலிருந்து வந்திருந்தார். மகளிடம் அவர் தமிழில்தான் பேசினார். "வா", "உக்காரு", "சாப்பிடு", "சத்தம் போடாதே" என்று நான்கைந்து சொற்கள். சந்தையில் பழகிய தமிழ் அவ்வளவுதான். ஏன் தமிழில் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இது: "நாங்க கன்னடம் பேசறதாலதான் இவளுக்குத் தமிழ் வரலேன்னு சொன்னாங்க, டீச்சர். அதான் வீட்லயும் தமிழே பேசறோம்."

சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் விளைவைப் பாருங்கள். கதை சொல்லவும் கொஞ்சவும் காரணம் கேட்கவும் அந்தத் தாய்க்குக் கன்னடம் இருந்தது. அது நின்றுபோய், ஏவல் சொற்கள் மட்டும் மிஞ்சின. பள்ளியில் புரியாத தமிழ், வீட்டில் குறைந்துபோன பேச்சு. குழந்தை யாரிடம்தான் பேசுவாள்?

பட்டியில் ஆடு அடைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் பேசினாள். அங்கே அவள் வேறு பிள்ளை. எந்தக் குட்டி எந்தத் தாயுடையது, எது பால் குடிக்கவில்லை, எந்த ஆட்டுக்குக் காலில் முள் குத்தியது என்று அஜ்ஜியிடம் நிறுத்தாமல் சொன்னாள். "ஒந்து, எரடு, மூரு" என்று ஒன்பது ஆடுகளைப் பிழையில்லாமல் எண்ணினாள். காரணம், வரிசை, எண், ஒப்பீடு என மழலையர் வகுப்பில் நாம் எதிர்பார்ப்பவை எல்லாம் அவளிடம் இருந்தன. அவை கன்னடத்தில் இருந்தன.

"அக்கா, நீங்க கன்னடத்துலயே பேசுங்க. எவ்வளவு பேசறீங்களோ அவ்வளவு நல்லது. தமிழை நாங்க பார்த்துக்கறோம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்ப மறுத்தார். அதனால் ஆட்டுப்பட்டியில் நடந்ததையே எடுத்துக் காட்டினேன். ஒன்பதுவரை எண்ணத் தெரிந்த பிள்ளை தமிழில் புதிதாக எண்ணக் கற்க வேண்டியதில்லை. எண்களின் பெயர்களைக் கற்றால் போதும் என்றேன். கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979 இல் முன்வைத்த கருத்தும் இதுவே. ஒரு மொழியில் பெற்ற கருத்தும் திறனும் அடுத்த மொழி கற்கத் துணையாகும். முதல் மொழி வலுவாக இருந்தால் இரண்டாம் மொழிக்கு அது அடித்தளம்.

பிறகு அந்த அஜ்ஜியை வகுப்புக்கு அழைத்தோம். அவர் கன்னடத்தில் ஓர் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னார். அதே கதையை அதே கையசைவுகளோடு நான் தமிழில் சொன்னேன். வாரம் ஒருமுறை இது தொடர்ந்தது. மூன்றாம் வாரம் நான் வேண்டுமென்றே குட்டியின் நிறத்தை மாற்றிச் சொன்னபோது, "இல்ல, கறுப்பு" என்றாள். வகுப்பில் அவள் பேசிய முதல் தமிழ் அது. பொங்கல் விடுமுறைக்குப் பின் இரண்டு மூன்று சொற்கள் கொண்ட வாக்கியங்கள் வந்தன. அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

எப்போது பரிந்துரைக்க வேண்டும்?

எல்லா மௌனமும் மொழியால் வருவதில்லை. அதே ஆண்டு இன்னொரு சிறுவன் வீட்டுக்கும் சென்றேன். அவன் வீட்டிலும் ஓரிரு சொற்களே பேசினான். பின்னாலிருந்து அழைத்தபோது திரும்பவில்லை. அவனை ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டினோம். கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. இப்போது காதொலிக் கருவி அணிந்து வருகிறான். வீட்டுக்குச் சென்றதால் ஒரு குழந்தை தவறான பட்டியலிலிருந்து தப்பினாள். இன்னொரு குழந்தைக்குத் தேவையான உதவி நேரத்தோடு கிடைத்தது.

நான் பார்க்கும் குறிப்புகள் இவை:

1. வீட்டில் தன் மொழியில், வயதுக்கேற்ற வாக்கியங்களில் பேசுகிறதா?
2. வீட்டு மொழியில் "செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வா" என்பதுபோல் இரண்டு படிநிலைகள் உள்ள ஏவலைச் செய்கிறதா?
3. முகம் காட்டாமல் மெல்ல அழைத்தால் திரும்புகிறதா?
4. மற்ற குழந்தைகளோடு சைகையாலாவது விளையாடுகிறதா?

நான்குக்கும் "ஆம்" என்றால் பொறுத்திருந்து மொழியை வளர்க்கலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் மருத்துவக் குழுவிடமோ வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடமோ தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

இரு மொழிக்கும் இடையே உள்ள பாலம்

தமிழும் கன்னடமும் ஒரே குடும்ப மொழிகள். ஒலிகள் மாறும் முறை தெரிந்தால் ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும். பால் – ஹாலு, பல் – ஹல்லு, பூ – ஹூவு, புலி – ஹுலி, புல் – ஹுல்லு, பத்து – ஹத்து, பசி – ஹசிவு, போ – ஹோகு. பழங்கன்னடத்திலும் இச்சொற்கள் பகரத்தில்தான் தொடங்கின; ஹகரம் பின்னாளில் வந்தது.

இரண்டாவது, சொல்லின் முதலில் வரும் வகரம் "பஸ்" என்பதன் முதல் ஒலியாக மாறும். வா – பா, வாய் – பாயி, வாழை – பாளெ, வெல்லம் – பெல்ல, வேண்டும் – பேகு, வேண்டாம் – பேட.

மூன்றாவது, தமிழின் ழகரம் இன்றைய கன்னடத்தில் ளகரமாக இருக்கும். மழை – மளெ, கோழி – கோளி, ஏழு – ஏளு. எனவே "மளை" என்று சொல்லும் குழந்தையை நாக்குத் தடித்தவன் என்று கேலி செய்யக்கூடாது. அவன் வீட்டு மொழியில் அந்த ஒலி இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

"ஹூவு" என்று குழந்தை சொன்னால் தவறு என்று சொல்வதில்லை. "ஆமாம், பூ! சிவப்புப் பூ" என்று தொடர்கிறேன். சில நாட்களில் குழந்தைகளே விதியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு சிறுவன் சிறுமியைக் குறிக்கும் "ஹுடுகி" என்ற சொல்லைத் தமிழாக்குவதாக நினைத்து "புடுகி" என்றான். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். யாரும் சொல்லித்தராத விதியை அவன் கண்டுபிடித்திருந்தான் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

ஏமாற்றும் சொற்களும் உண்டு. "எங்கே இருக்கே?" என்று கேட்டால் குழந்தை "இல்லி" என்று சொல்லும். "இங்கே" என்பது அதன் பொருள். கன்னடம் அறியாதவருக்கு அது "இல்லை" என்று கேட்கும். இத்தகைய சொற்களை ஒரு தாளில் எழுதி, புதிதாக வரும் ஆசிரியருக்குக் கொடுப்பது எங்கள் பள்ளியில் வழக்கமாகியுள்ளது.

வீட்டுக்குச் செல்லும் முறை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகரில் லூயிஸ் மோலும் அவருடைய குழுவினரும், மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். அறிவுரை சொல்வதற்காக அன்று, கற்றுக்கொள்வதற்காக. பயிர், கட்டுமானம், மருந்து, வணிகம் என அக்குடும்பங்களிடம் இருந்த அறிவைப் பாடத்தோடு இணைத்தார்கள். 1992 இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இன்றும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. நம் ஊருக்கும் அந்த நோக்கம் பொருந்தும்.

நான் கடைப்பிடிப்பவை:

முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்கிறேன். அறுவடை நாட்களில் போவதில்லை. எங்கள் பகுதியில் மாலை இருட்டினால் யானை நடமாட்டம் உண்டு. எனவே வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவேன். அங்கன்வாடிப் பணியாளரையும் உடன் அழைத்துச் செல்கிறேன். அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும்.

போனதும் பதிவேட்டைத் திறப்பதில்லை. ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை அன்று கேட்பதில்லை. அவற்றைக் கேட்டால் நம்மைக் கணக்கெடுக்க வந்தவராகவே பார்ப்பார்கள். குழந்தையைப் பற்றிக் குறை சொல்லியும் தொடங்குவதில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறேன். வீட்டில் இவள் எதை விரும்பிச் செய்வாள்? யாரிடம் அதிகம் பேசுவாள்? எந்த வேலையைத் தானாகச் செய்வாள்?

அரை மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை. கிளம்பும்போது ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெரும்பாலும் அது, "ராத்திரி உங்க மொழியில ஒரு கதை சொல்லுங்க" என்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராலும் இது முடியும். தன் பிள்ளையின் படிப்பில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் உணர்வதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் காணலாம்.

வீட்டில் கண்டதை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். ராகி முத்தெ கிண்டும் வீட்டுப் பிள்ளைக்குக் களிமண் உருண்டை பிடிக்கும் விளையாட்டு. பூண்டு தரம் பிரிக்கும் வீட்டுப் பிள்ளைக்குச் "சிறியது, பெரியது" பாடம். தெரிந்த செயலுக்குப் புதுச் சொல் என்பதால் மனத்தில் நிற்கிறது.

குழந்தையின் மொழி நமக்குத் தெரியாவிட்டால்?

எல்லோரும் இருமொழி ஆசிரியராக இருக்க முடியாது. ஆனாலும் சில செயல்களை யாரும் செய்யலாம்.

குழந்தையின் மொழியில் 20 சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பசி, தண்ணீர், வலி, பயம், வீடு, அம்மா வருவார் போன்றவை முதலில். கன்னடம் என்றால் ஹசிவு, நீரு, நோவு, ஹெதரிகெ, மனெ. "ஹொட்டெ நோவு" என்றால் வயிற்றுவலி என்று தெரியாத ஆசிரியரிடம் அந்தக் குழந்தை எப்படி உதவி கேட்கும்?

அதே மொழி பேசும் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவரை வாரத்தில் சில நிமிடங்கள் கதை சொல்ல அழையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அம்மொழி பேசும் பெற்றோர் இருந்தால் வீட்டுச் சந்திப்புக்கு உடன் வரச் சொல்லுங்கள். பொருள்களின் படங்களை இரு மொழிப் பெயர்களோடு தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். "இதை உங்க வீட்ல என்னன்னு சொல்வீங்க?" என்ற கேள்வியைத் தினமும் ஒருமுறையாவது கேளுங்கள். அந்த நேரத்தில் குழந்தை ஆசிரியராகிறது, நாம் மாணவராகிறோம்.

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவும் அச்சமின்றிக் குழந்தை தன் கருத்தைச் சொல்லவும் வழிசெய்யக் கூறுகிறது. தமிழை நன்கு கற்பிக்க வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதே என் வகுப்பறை அனுபவம். வீட்டு மொழியை மதிக்கும் வகுப்பில் குழந்தை விரைவில் தமிழுக்கு வருகிறது.

இந்தக் கல்வியாண்டில் உங்கள் வகுப்பில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு மாலை, வெளிச்சம் இருக்கும்போது, அதன் வீட்டுக்குச் சென்று அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதிலை உங்கள் குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.