மாசியும் கடலின் பேரேடும்

காயல், கீழக்கரைச் சமையலறிந்த நம் வர்த்தக அன்பர்களுக்கு மாசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அது எப்படிப் பிடித்த மீன், அதன் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று நாம் கேட்பது அபூர்வம்.

மாலத்தீவில் சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்திச் செய்யும் சரக்கே மாசி. 14ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் காஜியாக இருந்த இப்னு பதூதா, அது இந்தியா, சீனா, ஏமன் வரை சென்றதை எழுதியிருக்கிறார்.

அங்குள்ளோர் பவளப்பாறை ஓரங்களில் சிறுமீன்களை வலையிட்டுப் பிடித்து, படகின் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வாரி இறைத்து, நீரையும் தெளிப்பார்கள். மீன் மேலெழும்பிப் பாயும். படகின் பின்புறம் வரிசையாக நிற்பவர்கள் நீண்ட கழியால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவார்கள். தூண்டிலில் எதிர்முள் கிடையாது. மீன் தானே கழன்று விழும். வேறு இனங்கள் அகப்படுவது மிகக் குறைவு. சுருக்குவலைக் கப்பல்கள் பலவோ, கடலில் மிதவைகளை விட்டு, அவற்றினடியில் கூடும் சூரையோடு கேரை மீனின் குஞ்சுகளையும் சேர்த்து வளைத்துவிடுகின்றன. மாலத்தீவின் கழித்தூண்டில் முறைக்கு 2012இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் நற்சான்று கிடைத்தது.

முறை சுத்தமானால் போதுமா? போதாதென்பதே நம் அபிப்பிராயம். சூரைக்கு நாட்டெல்லை தெரியாது. ஒருவர் ஒன்றொன்றாக எடுக்க, மற்றவர் வாரி எடுத்தால் குறைவது ஒரே சரக்கறைதானே! ஆகவே சீஷெல்ஸில் இயங்கும் இந்து சமுத்திரச் சூரைமீன் கமிஷனில், மாலத்தீவின் முயற்சியால் 2016இல் ஒரு விதி நிறைவேறியது. மூன்றாண்டுக்கொருமுறை இருப்பை மதிப்பிட்டு, அதற்கேற்பப் பிடிப்பின் அளவை நிர்ணயிக்க வேண்டும். மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இருக்கக்கூடிய இருப்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் வியாபாரப் பிடிப்பையே நிறுத்த வேண்டும். அதன்படி 2018 முதல் 2020 வரை வருடத்துக்கு 470,029 டன் என வைத்தார்கள். 2018இல் பிடித்ததோ 6 லட்சம் டன்னுக்கு மேல்! மொத்தத் தொகையைப் போட்டவர்கள், எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கவில்லை. கூட்டுக்கடையில் பங்காளிகள் அவரவர் கல்லாவில் கைவிட்ட கதைதான். 2020ஆம் வருட மதிப்பீட்டில் இருப்பு நல்ல நிலையிலேயே காணப்பட்டது. அது கடலின் தயவேயன்றிக் கணக்கின் சாமர்த்தியமன்று.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்தது, நாடுகள் கொடுக்கும் பிடிப்புக் கணக்கைக் கமிஷன் யாவரும் பார்க்கும்படி வெளியிடுவதால்தான். தாமதமாகவும் அரைகுறையாகவும் கணக்குக் கொடுப்போரும் உண்டு. சரக்கெடுக்கும் நாமும், எந்தக் கடல், எந்த நாட்டுப் படகு, தூண்டிலா வலையா என்று மொத்த வியாபாரியிடம் கேட்டு, சிட்டையில் எழுதி வாங்கலாம். டின் மீனில் சிலர் இவற்றை அச்சிட்டே தருகிறார்கள். மாசி மூட்டையில் அந்த வழக்கத்தை நாம் இன்னும் கண்டதில்லை.