பில் தொலைந்தால் உரிமையும் தொலையுமா?

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் சந்தை, நுகர்வோர் பாதுகாப்பு பற்றிய பாடம் சிறியது. நுகர்வோர் உரிமைகளைப் பட்டியலிட்டு, "எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள்" என்று சொல்லி இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடுவது என் வழக்கம். இந்த முறையும் முடிக்கும் நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், பில் தொலைஞ்சிட்டா உரிமையும் போயிடுமா?"

பக்கத்து நகரத்தில் உள்ள பெரிய தள்ளுபடிக் கடையில் அவளுடைய அம்மா ஒரு எமர்ஜென்சி லைட் வாங்கியிருக்கிறார். மூன்றாம் நாளே அதில் சார்ஜ் ஏறவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போனபோது, "பில் இல்லாம எதையும் எடுக்க மாட்டோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். போக வர பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலியும் போனதுதான் மிச்சம்.

"பில் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாதும்மா. அதனால்தான் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019ஐ எடுத்துப் படித்தபோதுதான் நான் தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லிவிட்டு, பாடத்தை மீண்டும் தொடங்கினேன்.

செயல்பாடு 1: குறையுள்ள பொருளா, வேண்டாத பொருளா?

கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் சில துண்டுச்சீட்டுகள் கொடுத்தேன். ஓடாத மிக்சி, காலாவதியான பிஸ்கட், வீட்டுக்கு வந்தபின் நிறம் பிடிக்காத சட்டை, பிறந்தநாளுக்கு இரண்டாவதாகப் பரிசு வந்த அதே டிபன் பாக்ஸ், திருவிழாவுக்கு ஒரு வாரம் போட்டுவிட்டுத் திருப்ப நினைக்கும் செருப்பு ஆகியவை அவற்றில் இருந்தன.

மிக்சியும் பிஸ்கட்டும் உடனே முதல் கட்டத்துக்குப் போயின. சட்டைக்கு விவாதம் நடந்தது. "பிடிக்கலன்னா திருப்பித் தரக்கூடாதா?" என்று ஒரு குழு கேட்டது. "கடைக்காரர் என்ன தப்பு பண்ணினார்?" என்று இன்னொரு குழு திருப்பிக் கேட்டது.

இந்த இடத்தில்தான் சட்டத்தைச் சொன்னேன். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். பில்லில் காலவரம்பு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் கடைக்காரர் அதைத் திரும்பப் பெற வேண்டும். தள்ளுபடி விலையில் வாங்கியது என்பதால் இந்த உரிமை இல்லாமல் போய்விடாது. ஆனால் பிடிக்காத நிறம், பொருந்தாத அளவு, தேவைப்படாத பொருள் ஆகியவற்றுக்குச் சட்டம் இந்த உறுதியைத் தரவில்லை. அது கடையின் விதியைப் பொறுத்தது. பல பெரிய கடைகள் குறிப்பிட்ட நாள்களுக்குள் மாற்றித் தருகின்றன. அந்த விதியை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போட்டுப் பழகிய செருப்பைத் திருப்பலாம் என்று முதலில் சொன்ன மாணவர்களே, அது ஏமாற்று என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

செயல்பாடு 2: பில் இல்லாமல் எப்படி மெய்ப்பிப்பது?

பணம் கொடுத்துத் தன் தேவைக்குப் பொருள் வாங்குபவர் நுகர்வோர். பில் கையில் இருந்தால்தான் நுகர்வோர் என்று சட்டத்தின் வரையறை சொல்லவில்லை. பில் என்பது வாங்கியதற்கான சான்று. அது தொலைந்தால், வேறு சான்று காட்ட வேண்டிய பொறுப்பு நமக்கு வருகிறது.

"வேறு என்ன சான்று இருக்கும்?" என்று கேட்டேன். மாணவர்கள் சொன்னவை: கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு, வங்கிக் குறுஞ்செய்தி, பொருளில் ஒட்டியிருக்கும் கடையின் விலைச்சீட்டு, பில் போடும்போது கொடுத்த கைப்பேசி எண். கணினியில் பில் போடும் கடையில் தேதி, தொகை, கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொண்டு பழைய பில்லைத் தேடி எடுக்க வாய்ப்பு உண்டு என்பதை நான் சேர்த்துச் சொன்னேன்.

செயல்பாடு 3: கவுன்ட்டரில் இருவர்

பாத்திரமேற்று நடிக்கும்போது கடை ஊழியராக நடிப்பவருக்கும் நியாயம் இருக்க வேண்டும். அதனால் கடை ஏன் பில் கேட்கிறது என்று முதலில் யோசிக்கச் சொன்னேன். வேறு கடையில் வாங்கியதாக இருக்கலாம், திருடியதாக இருக்கலாம் என்றார்கள். தள்ளுபடிக் கடையில் விலை அடிக்கடி மாறும். பில் இல்லாவிட்டால் எந்த விலைக்கு விற்றோம் என்பது ஊழியருக்குத் தெரியாது. அதனால் பல இடங்களில் பணத்துக்குப் பதிலாக வேறு பொருளோ கடன்சீட்டோ தருவார்கள்.

முதலில் நடித்த மாணவன் சத்தம் போட்டான். ஊழியராக நடித்தவனும் சத்தம் போட்டான். வகுப்பே சிரித்தது. அடுத்து வந்த மாணவி இப்படிப் பேசினாள்:

"அண்ணா, போன செவ்வாய்க்கிழமை சாயந்தரம் இங்கதான் வாங்கினோம். பில் தொலைஞ்சுபோச்சு. பணம் அனுப்பினது இதோ இருக்கு. கம்ப்யூட்டர்ல தேடிப் பாக்கிறீங்களா? லைட்டுல சார்ஜே ஏறல."

தேதி, சான்று, குறை, கோரிக்கை ஆகிய நான்கும் அவள் பேச்சில் இருப்பதை வகுப்பே கண்டுபிடித்தது. இதையே மொழிப் பாடத்தில் விண்ணப்பக் கடிதமாக எழுத வைத்தோம்.

பிற பாடங்களோடு இணைத்தல்

கணக்கு: 300 ரூபாய் சட்டை இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். 600 ரூபாய் கொடுத்து மூன்று சட்டைகள் வாங்கினோம். அதில் ஒன்று கிழிந்திருந்தால் எவ்வளவு திரும்பக் கேட்கலாம்? 300 ரூபாயா, 200 ரூபாயா, ஒன்றுமில்லையா? தள்ளுபடி எப்படிப் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

அறிவியல்: பழைய பில்களைக் கொண்டுவரச் சொன்னால் பாதிக்குமேல் எழுத்து மங்கியிருக்கும். அவை வெப்பத்தால் கறுக்கும் பூச்சுள்ள தாள்கள். நகத்தால் அழுத்திக் கீறினால் உராய்வின் வெப்பத்தில் கறுப்புக் கோடு விழுவதை மாணவர்களே செய்து பார்க்கலாம். வெயிலும் எண்ணெயும் பட்டால் எழுத்து மங்கும். பில் வாங்கிய அன்றே படம் எடுத்து வைக்க வேண்டும் என்பதை அதன்பின் நான் வலியுறுத்த வேண்டியிருக்கவில்லை.

பிறகு நடந்தவை

அந்த மாணவியின் அம்மா பணத்தை ரொக்கமாகக் கொடுக்கவில்லை. அண்ணனின் கைப்பேசி வழியாகத்தான் செலுத்தியிருந்தார். அந்தப் பதிவைக் காட்டியதும் கடையில் பில்லைத் தேடி எடுத்து, வேறு லைட் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் சாலையோரத்தில் ரொக்கத்துக்குக் குடை வாங்கிய இன்னொரு மாணவனின் பாட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டையும் வகுப்பில் பேசினோம்.

அப்போது ஒரு மாணவன் தயங்கியபடி, "எங்க கடையில அப்பா பில்லே போடறதில்ல டீச்சர்" என்றான். அவனை யாரும் கேலி செய்யாதபடி பார்த்துக்கொண்டேன். பில் தராததையும் நேர்மையற்ற வணிக நடைமுறையாகச் சட்டம் கருதுகிறது என்பதைச் சொல்லி, கடை பெயர், தேதி, பொருள், தொகை எழுதிய சிறு சீட்டு ஒன்றை எப்படித் தயாரிப்பது என்று அவனையே பலகையில் எழுதச் சொன்னேன். அடுத்த வாரம், பெரிய தொகைக்கு மட்டும் அப்பா எழுதிக் கொடுப்பதாக வந்து சொன்னான்.

ஆசிரியர்களுக்கு

கடையில் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதன்பிறகும் தீராவிட்டால், வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இந்தத் தகவல்களை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதி வீட்டில் வாசித்துக் காட்டட்டும். பழைய நாட்காட்டித் தாளில் 'பில் உறை' ஒன்று செய்து கொண்டுபோகச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் 31 பேர் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து உறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் இந்தப் பாடத்துக்கு நான் வைத்த மதிப்பீடு.